நல்ல தோடி



வீடு மாற்றும்போதுதான் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தெரிகிறது. போன மாதம் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே அப்பாவின் கேசட்டுகள். பெங்களூர் சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகள் தொடங்கிவிட்டால், ஆபீஸ் விட்டு நேரே அங்கே போய்விடுவார். பந்தலுக்கு வெளியே, ஒலிபெருக்கிக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து பதிவு செய்தவை அவை. ஒரு கேசட்டின் மேல் பச்சை மையில் அவர் கையெழுத்து: ‘ராமநவமி – நல்ல தோடி’.

அவ்வளவுதான். பாடியது யார், எந்த வருஷம், என்ன கீர்த்தனை, ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அதனால் எழுதவில்லை. அவர் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது வெறும் நல்ல தோடி.

ஆகஸ்ட் 12 நூலகர் தினம். அதை ஒட்டி என்ன எழுதலாம் என்று யோசித்தபோது இந்தக் கேசட்தான் நினைவுக்கு வந்தது. எழுதாமல் விட்ட அந்த விவரங்களை எழுதி வைப்பதற்குத்தான் நூலகங்களில் ‘பட்டியலிடுதல்’ என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்கான விதிகள் உலக அளவில் மாறிவிட்டன. 1978 முதல் கோலோச்சிய ஆங்கிலோ-அமெரிக்க விதிகளின் இரண்டாம் பதிப்புக்குப் பதிலாக, 2010-இல் ‘ரிசோர்ஸ் டிஸ்கிரிப்ஷன் அண்ட் ஆக்சஸ்’ வந்தது. சுருக்கமாக ஆர்.டி.ஏ. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013 மார்ச் 31 முதல் இதற்கு முழுமையாக மாறியது. நூலகர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாட்டுக் கேட்பவர்களுக்கு இதில் நிறைய இருக்கிறது.

பழைய விதியில் ஒரு வசதி உண்டு. ஒரு படைப்பை உருவாக்கியவர்கள் மூவருக்கு மேல் போனால் முதல் பெயரை மட்டும் எழுதி, ‘மற்றும் பலர்’ என்று முடித்துக்கொள்ளலாம். மூன்று அங்குலப் பட்டியல் அட்டையில் இடம் அவ்வளவுதானே! ஆனால் நம் கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். தொடக்கமே நாலு பேர். கஞ்சிராவும் சேர்ந்தால் ஐந்து. மிருதங்கம் கற்கும் பையன் தன் குருவின் குரு வாசித்த பதிவைத் தேடி வந்தால், ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அவர் காணாமல் போயிருப்பார். புதிய விதி அந்த மூவர் கணக்கை எடுத்துவிட்டது. எல்லாப் பெயரையும் எழுதலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன செய்தார் என்றும் குறிக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு மார்கழியில் நம் வீடுகளில் ஒலிக்கும் திருப்பாவையே போதும். பாசுரங்களை இயற்றியவர் ஆண்டாள். முப்பதுக்கும் ராகம் அமைத்து மெட்டுக் கட்டியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அந்த மெட்டில் பாடி வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எம்.எல்.வசந்தகுமாரி. ‘இது யாருடைய திருப்பாவை?’ என்று கேட்டால் மூன்று விடையுமே சரி. புதிய விதிகள் படைப்பு, அதன் வடிவம், வெளியீடு, கையிலிருக்கும் பிரதி என்று நாலு படியாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஆண்டாள் வழியாக வந்தாலும் எம்.எல்.வி. வழியாக வந்தாலும் அந்தத் தட்டு அகப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இன்னொன்று. பழைய அட்டையில் தலைப்பை ஒட்டி, அடைப்புக்குள் ‘ஒலிப்பதிவு’ என்று ஒரே சொல் இருக்கும். இசைத்தட்டா, கேசட்டா, சி.டி.யா என்பதற்கு அட்டையின் அடிப்பகுதிவரை படிக்க வேண்டும். இப்போது மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது பாடிய இசையா, ஸ்வரம் எழுதிய ஏடா? கேட்க என்ன கருவி வேண்டும்? எதில் பதிவாகியிருக்கிறது? வீட்டில் கேசட் பிளேயர் இல்லாதவர் கணினியில் ஒரு தட்டுத் தட்டி, கேசட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தேடலாம்.

பெயர் விஷயமும் அப்படித்தான். நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்தவர், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரைப் ‘பெ’ வரிசையில் தேடுவதா, ‘நா’ வரிசையிலா? 2014 நவம்பர் 1 முதல் ஊர் அதிகாரபூர்வமாகப் பெங்களூரு ஆகிவிட்டது. அம்மையார் பெயரிலும் ஒரு ‘உ’ சேர்க்க வேண்டுமா? வேண்டாம். எந்தப் பெயரால் உலகம் அவரை அறிந்ததோ அதுவே முதன்மைப் பெயர். மற்ற வடிவங்கள் எல்லாம் அதனிடம் வழிகாட்டும். இது பழைய வழக்கம்தான் என்றாலும், பிறந்த ஊரையும் தொழிலையும்கூடத் தனித்தனியே பதியப் புதிய விதி இடம் தருகிறது. ஒரே பெயரில் இரண்டு பாடகிகள் இருந்தால் அப்போது தெரியும் அதன் அருமை.

குறை இல்லாமல் இல்லை. இந்த விதிகளை வகுத்தவர்கள் காதில் ஒலித்தது பீத்தோவன். சிம்பொனிக்கு எண் உண்டு, சுருதி உண்டு, அவற்றை எழுதக் கட்டங்களும் உண்டு. நம் கீர்த்தனைக்கு அடையாளம் பல்லவியின் தொடக்கமும் ராகமும் தாளமும். அதிலும் தோடி என்று மட்டும் எழுதினால் பெங்களூரில் போதாது. தார்வாடு பக்கத்து இந்துஸ்தானியும் நம் கர்நாடக இசையும் ஒரே அலமாரியில் இருக்கும் ஊர் இது. நம் தோடி எட்டாவது மேளம், ஹனுமதோடி. அதற்கு நிகரானதை வடக்கே பைரவி என்பார்கள். அவர்கள் தோடி என்பது நமக்குச் சுபபந்துவராளி. தோடி கேட்டு வந்தவருக்கு எதை எடுத்துத் தருவது? இதற்கு வாஷிங்டனில் விடை கிடைக்காது. ராகம் தெரிந்த நூலகரும் நூலகம் தெரிந்த வித்வானும் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

அந்த மேசையைப் போடப் பெங்களூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணப் பயிற்சி மையத்தை அவர் தொடங்கியது இங்கே. 1972 செப்டம்பர் 27-இல் மறைந்ததும் இங்கே. பிறந்தது சீர்காழி. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழிசை வளர்த்த ஊர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய ஐந்து விதிகளில் நாலாவது. 1931-இல் சொன்னது. விதிகள் எத்தனை முறை மாறினாலும் அவற்றை உரசிப் பார்க்க இந்தக் கல் ஒன்றே போதும்.

பட்டியல் போடுவது நூலகர்கள் வேலை மட்டுமல்ல. கௌஹர் ஜான் 1902-இல் கல்கத்தாவில் கிராமபோனுக்குப் பாடினார். பாட்டு முடியும் தறுவாயில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே! 1930-இல் மைசூரில் அவர் காலமானார். அந்தத் தட்டு சுழலும்போது இன்றும் அவர் பெயர் கேட்கிறது. எங்கள் வீட்டு நல்ல தோடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் கூட இருக்கும்போதே அதை இறக்குங்கள். பாடியவர், பக்கவாத்தியம், பாட்டு, இடம், நாள் என்ற ஐந்தையும் அவர்களிடம் கேட்டு உறையின் மேல் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்