துண்டுச்சீட்டில் நடக்கும் ஏலக்காய் வியாபாரம்

கேரளத்தின் இடுக்கியில் புற்றடி, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் போடிநாயக்கனூர் என இரண்டு இடங்களிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே விற்கும் ஏலக்காய்க்கு எடை, விலை, வாங்கியவர் பெயர் எல்லாம் பதிவாகிவிடும். அதே காய் தோட்டத்து வாசலிலோ டவுன் கடையிலோ கைமாறும்போது கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டுச்சீட்டு. ‘40 கிலோ, பாக்கி’ என்று கிறுக்கியிருக்கும். கையெழுத்தோ, பணம் தரும் தேதியோ இருக்காது.

மோசடிக்கு வசதியான இடம் இது. மார்க்கெட் விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிக் காயை வாங்கிப்போனவர்கள் பணம் தரவில்லை என்று இடுக்கியின் அடிமாலிப் பகுதி விவசாயிகள் அண்மை ஆண்டுகளில் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஓரிரு முறை பணம் ஒழுங்காக வந்துவிட்டால், அதன்பிறகு எழுதிக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சட்டம் அந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் கெடு 3 ஆண்டுகள். அதற்குள் ‘இவ்வளவு பாக்கி’ என்று பணம் தர வேண்டியவர் எழுதிக் கையெழுத்திட்டால் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ‘அடுத்த மாசம் தர்றேண்ணே’ என்ற வாய்ப்பேச்சால் ஒரு நாள்கூட நீளாது.

கையில் காகிதம் இருந்தால் மட்டும் போதுமா? இடுக்கியின் தேவிகுளம் தாலுகாவில் 1999இல் வழங்கப்பட்ட, ‘ரவீந்திரன் பட்டயங்கள்’ எனப்படும் 530 நிலப் பட்டயங்களை ரத்து செய்யக் கேரள அரசு 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கையெழுத்திட்ட அதிகாரியான ரவீந்திரனுக்குப் பட்டயம் கொடுக்கும் அதிகாரம் முறைப்படி இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்தப் பட்டயத்தை நம்பி வீடும் கடையும் கட்டியவர்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திகைத்து நின்றார்கள்.

பாலக்காட்டில் கதை வேறு. கேரள அரசுக்காக நெல் கொள்முதல் செய்யும் சப்ளைகோ நிறுவனத்துக்கு நெல் கொடுத்த விவசாயி, பிஆர்எஸ் எனப்படும் நெல் ரசீதை வங்கியில் காட்டிப் பணம் வாங்குகிறார். வங்கி ஏட்டிலோ அது அவர் பெயரில் கடன். சப்ளைகோ திருப்பிக் கட்டத் தாமதித்தால் அடி வாங்குவது விவசாயியின் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண். நெல் விற்ற பணத்துக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டோம் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தைப் படிக்கத் தெரியாத தமிழ் விவசாயிக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஏலக்காய் வாங்கும் டீலருக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு விதி. அதே வாரியம் உரிம எண், எடை, விலை, பணம் தரும் தேதி, கையெழுத்து என்ற கட்டங்களோடு கொள்முதல் சீட்டு ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுக் கொடுக்கலாமே. பெரிய செலவில்லை. அது வரும்வரை விவசாயிகள் ஒன்று செய்யலாம்: வண்டியில் மூட்டை ஏறுவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள், அந்தச் சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.