‘காணாது மச்சான், இன்னும் ரெண்டு எடு’

பார்ட்டிக்குச் சாமான் வாங்கப் போகிற எந்தக் கூட்டத்திலும் இந்த வசனத்தைச் சொல்ல ஒருத்தர் இருப்பார். எங்கட கூட்டத்திலும் இருந்தார். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் எங்களில் ஒவ்வொருவர் அந்த ஆளாக இருந்திருக்கிறோம். அடுத்த நாள் போயா, கடை பூட்டு. அதால் பாரில் சனம். பின்னுக்கு நிக்கிறவர் அவசரப்படுத்த, சேர்த்த காசைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டு போடுகிற கணக்கு அது. ‘ஆளுக்குக் கால் போத்தல் எண்டு பார். அதுக்கு மேல கொஞ்சம் கையில இருக்கட்டும். நடுவில முடிஞ்சா மானம் போயிடும்.’

அந்தக் கடைசி வசனம்தான் முழுக் கணக்கும். வருகிறவர்களுக்கு எவ்வளவு தேவை எண்டு நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. எவ்வளவு வாங்கினால் எங்களை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம் எண்டுதான் பார்க்கிறோம். இரண்டும் வேறு வேறு கணக்குகள். இதை நாங்கள் விளங்கிக்கொண்டது ஒரு பிரியாவிடைப் பார்ட்டியில்.

கூட்டத்தில் ஒருத்தன் கனடா போகிறான். யாழ்ப்பாணத்தில் எங்கட வயதுக்காரருக்கு இப்ப பிறந்தநாளை விடப் பிரியாவிடைதான் கூட. வீட்டு முற்றத்தில் லைட் போட்டு, கதிரை அடுக்கி, 28 பேர். வாங்கினது: சாராயம் அஞ்சு முழுப் போத்தல், ஸ்ட்ரோங் பியர் 12 பெரிய போத்தல், ஒண்டரை லீற்றர் சோடா ஆறு. தண்ணிக்கு வீட்டுக் குழாய். பைட்ஸ் தாராளம்.

பத்து மணி போல, குடியை விட்டு எட்டு மாதமான எங்கட நண்பன் ஒருத்தன் சோடாப் போத்தலை எடுத்துத் தன் கிளாசில் ஊற்றப் போனான். ‘மச்சான், அது மிக்ஸிங்குக்கு. கொஞ்சமாப் பாவி’ எண்டு ஒருத்தன் சொன்னான். பகிடியாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் சிரித்துக்கொண்டு போத்தலை வைத்துவிட்டுப் போய்க் குழாயில் தண்ணி குடித்தான். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணேல்லை. சாப்பிடாமலே போயிட்டான்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரு முழுப் போத்தல் 750 மில்லிலீற்றர். 50 மில்லிலீற்றர் ஷொட்டாக ஊற்றினால் 15 வரும். அஞ்சு போத்தலுக்கு 75. ஒரு ஷொட்டுக்கு 120 மில்லிலீற்றர் சோடா கலந்தால் 75 ஷொட்டுக்குச் சரியாக ஒன்பது லீற்றர். நாங்கள் வாங்கினதும் சரியாக ஒன்பது லீற்றர். அண்டைக்குக் குடிக்காமல் இருந்தவர்கள் 11 பேர். அவர்களுக்கெண்டு நாங்கள் வாங்கினது ஒரு துளியும் இல்லை. ‘மிக்ஸிங்குக்கு’ எண்டு சொன்னவன் பிழையாகச் சொல்லவில்லை. எங்கட கணக்கை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறான்.

குடித்த 17 பேரின் கணக்கும் பிழைதான், அது மற்றப் பக்கத்தால். மதுசாரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்துகிற ஒரு அலகு 10 கிராம் தூய மதுசாரம். 33.5 வீதச் சாராயத்தில் ஒரு 50 மில்லிலீற்றர் ஷொட் எண்டால் 13 கிராம். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தல் எண்டால் 43 கிராம். அதாவது ‘நான் ஒரு பியர் மட்டும்தான்’ எண்டு சொல்கிறவர் மூண்டு ஷொட்டுக்கு மேல் அடித்திருக்கிறார். 4.8 வீத லாகர் எண்டால் அதே அளவுப் போத்தலில் 24 கிராம்தான். போத்தலை எண்ணுகிற நாங்கள் லேபிலில் உள்ள வீதத்தைப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரோங் எடுத்தால் ‘காசுக்கு ஏத்தது’ எண்டதோடு யோசனை நிண்டுவிடுகிறது.

அண்டைக்கு வாங்கின எல்லாவற்றையும் கூட்டினால் 150 அலகு. ஆளுக்கு ஒன்பது. எங்கட உடம்பு ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய ஒரு அலகைத்தான் கழிக்கும். தேசிக்காய்த் தண்ணியோ, பிளேன் ரீயோ, தலையில் ஊற்றுகிற வாளித் தண்ணியோ அதை வேகப்படுத்தாது. ஏழு மணிக்குத் தொடங்கினவருக்கு எல்லாம் இறங்க விடிய நாலு மணியாகும். பார்ட்டி முடிந்தது பதினொண்டரைக்கு. கேற்றடியில் ஒன்பது மோட்டார் சைக்கிள் நிண்டது. அதுகளை ஆர் ஓடப்போகினம் எண்டு நாங்கள் ஒருத்தரும் எண்ணவில்லை. அண்டிரவு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம். எங்கட கணக்குக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இந்த இடத்தில் சிலருக்குச் சந்தேகம் வரும், ‘இவை என்ன, மதுவிலக்குப் பிரசாரமோ?’ எண்டு. இல்லை. எங்களிலும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த பார்ட்டியிலும் குடிப்பார்கள். மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் குடிக்கிறோம். எங்கட முறைப்பாடு வாங்குகிற விதத்தைப் பற்றியது.

இன்னொரு மறுப்பும் வரும். வீட்டுக்கு வாறவைக்குக் குறைவில்லாமல் கொடுக்கிறதுதானே எங்கட பண்பு எண்டு. சரி. அப்ப தண்ணி முடிந்தால் ஏன் மானம் போவதில்லை? ஐஸ் முடிந்தால்? புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் ஆறிப்போய்ப் பன்னிரண்டு மணிக்குப் பரிமாறப்பட்டால்? அந்தப் பன்னிரண்டு மணி வரைக்கும் குசினியில் ஒரு அம்மா நித்திரை தூங்கித் தூங்கிக் காத்துக்கொண்டிருந்தால்? இதுக்கெல்லாம் போகாத மானம் சாராயம் முடிந்தால் மட்டும் போகுதெண்டால், அதை விருந்தோம்பல் எண்டு சொல்ல எங்களால் முடியவில்லை. குடிக்கிறவனை மட்டும் விருந்தாளியாகப் பார்க்கிற பழக்கம் அது.

‘மிஞ்சினா வைக்கலாம், பழுதாகாது’ எண்டும் சொல்வார்கள். சாராயம் பழுதாகாது, உண்மை. ஆனால் மிஞ்சின போத்தலை அலுமாரிக்குள் வைத்த பார்ட்டி ஒண்டை நாங்கள் இன்னும் காணவில்லை. மேசையில் இருக்கும் வரைக்கும் குடி நடக்கும். கூட வாங்கினால் கூடக் குடிப்போம், அவ்வளவுதான்.

அதால் அடுத்த பிரியாவிடைக்குக் கணக்கை மற்றப் பக்கத்தில் இருந்து தொடங்கினோம். அதே கூட்டம், ரெண்டு பேர் குறைவு. 26 பேர். முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டோம். ‘குடிப்பியோ?’ எண்டு கேட்கவில்லை. ‘உனக்கு என்ன குடிக்க வேணும்?’ எண்டு கேட்டோம். குறூப்பில் கேட்டால் எல்லாரும் வீரர்தான். தனிய கேட்டபோது 12 பேர்தான் மதுசாரம் சொன்னார்கள். போன முறை குடித்த சிலர், வேற ஒண்டும் இல்லாததாலும் ஆக்கள் விடாததாலும்தான் குடித்தோம் எண்டு எழுதினார்கள். ஒருத்தன் மருந்து எடுக்கிறானாம். ஒருத்தனுக்கு விடிய வேலை.

மாறாகவும் நடந்தது. பெட்டையள் எண்டால் சோடா எண்டு நாங்கள் கேளாமலே எழுதிவிடுவோம். ஒரு தோழி எழுதினாள்: ‘ஒரு லாகர் குடிப்பன். அதை ஒருத்தரும் கதையாக்கக் கூடாது.’ 2018 ஜனவரியில் பெண்களுக்கு மதுபானம் விற்கிற தடையை அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்வித்தார். அரசாங்கத்தைப் பற்றிப் பகிடி பண்ணுகிற நாங்களும் எங்கட துண்டில் அதே தடையைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அதேபோல 21 வயது ஆகாத மூண்டு பேரை மதுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களுக்கு விற்பதைச் சட்டம் தடுக்கிறது. கடையில் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாதெண்டால் எங்கட முற்றத்திலும் அதே நியாயம்தான்.

பிறகு துண்டில் எழுதின ஒழுங்கு இது. முதலில், குடிக்கிறவர் குடிக்காதவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு லீற்றர்: 26 லீற்றர். பாதி குளிர் தண்ணி, மிச்சம் தேசிக்காய்த் தண்ணி, நெக்டோ, ஜிஞ்சர் பியர். இதில் ஒரு போத்தலும் மிக்ஸிங்குக்குப் போகாது. ரெண்டாவது, ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ. மூண்டாவது, சாப்பாடு எட்டரைக்கு மேசைக்கு வரும், கழுவுகிற வேலை எங்கட. நாலாவது, வீடு போகிற வழி: குடிக்கிறவர் திறப்பைத் தருவார், ஓட்டோவுக்கு முதலே சொல்லிவைப்பது, தூங்கப் பாய் ஆறு. அஞ்சாவதாகத்தான் மது: சாராயம் ரெண்டு போத்தல், ஸ்ட்ரோங் இல்லாமல் லாகர் ஆறு, மிக்ஸிங்குக்குத் தனியாக ஒண்டரை லீற்றர் சோடா மூண்டு. கூட்டினால் ஆளுக்கு நாலரை அலகு. இதுவும் குறைவில்லை, மோட்டார் சைக்கிள் ஓடுகிற அளவும் இல்லை. அதுதான் திறப்பு முதலே வந்தது.

பத்து மணிக்குச் சாராயம் முடிந்தது. ஒருத்தன் சொன்னான், ‘மச்சான், காணாது. ஆரும் போய் ரெண்டு எடுப்பமோ?’ வீட்டுக்காரன் எங்கட முகத்தைப் பார்த்தான். அந்த நிமிசம் லேசானது எண்டு சொல்லமாட்டோம். மானம் போகிற மாதிரித்தான் இருந்தது. ‘முடிஞ்சுது மச்சான். ஜிஞ்சர் பியர் இருக்கு, ஐஸ் இருக்கு’ எண்டு சொன்னோம். கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு கிளாசை நீட்டினான். அதுக்காக ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் கதை நடந்தது. போகிறவன் அழுதான், நாங்களும் அழுதோம். அடுத்த நாள் அந்தக் கதையெல்லாம் எங்களுக்கு ஞாபகமும் இருந்தது. மிஞ்சினது மூண்டு போத்தல் நெக்டோவும் கொஞ்சத் தண்ணியும். அம்மா பத்து மணிக்கே படுத்துவிட்டார்.

எட்டு மாதக்காரனும் வந்திருந்தான். இப்ப அவனுக்கு ஒரு வருசம் தாண்டிவிட்டது. போன முறை ஏன் இடையில் போனாய் எண்டு கேட்டோம். ‘கோபம் இல்லையடா. அண்டைக்கு அதில இருந்திருந்தா நானும் எடுத்திருப்பன். வேற என்ன இருந்தது அங்க?’ எண்டான்.

அவன் கேட்டதுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அதால்தான் இந்தத் துண்டை இங்கே எழுதி வைக்கிறோம். எண்களை உங்கட கூட்டத்துக்கு ஏற்றமாதிரி மாத்துங்கோ. ஒழுங்கை மட்டும் மாத்தாதேங்கோ. ஆரும் ‘காணாது, இன்னும் ரெண்டு எடு’ எண்டு சொன்னால், ஆருக்குக் காணாது எண்டு ஒருக்காக் கேளுங்கோ.