அடி வாங்கச் சம்பளம்

திருச்சியில் இருக்கும் நமக்கு ஐஸ் என்றால் சாக்குப் போர்த்தி வண்டியில் வரும் பாளங்கள்தாம் நினைவுக்கு வரும். சித்திரை வெயிலில் காந்தி மார்க்கெட் பக்கம் நடக்கும்போது, கரும்புச்சாற்றுக்காரர் அதில் ஒரு துண்டை உடைத்துப் போட்டால் போதும், உயிர் திரும்பிவிடும். கனடா நாட்டிலோ அந்த ஐஸை ஏறக்குறைய 61 மீட்டர் நீளத்துக்கும் 26 மீட்டர் அகலத்துக்கும் பரப்பி, அதன்மேல் ஹாக்கி ஆடுகிறார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். காலணியின் அடியில் கத்தி போன்ற எஃகு விளிம்பு. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான உத்தியோகம் உண்டு. அதைப் பார்ப்பவரை ஆங்கிலத்தில் ‘என்ஃபோர்ஸர்’ என்பார்கள். நம்மூர்ப் பேச்சில் ‘அடியாள்’ என்றால் சரியாக இருக்கும். கோல் போடுவது இவர் வேலையல்ல. தன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரரை எதிரணியினர் யாராவது முரட்டுத்தனமாக மோதினால், மட்டையையும் கையுறையையும் கீழே போட்டுவிட்டு அவர்களோடு குத்துச்சண்டைக்கு நிற்பதுதான் வேலை. வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீகில் இதற்குத் தண்டனை ஐந்து நிமிடம் வெளியே உட்காருவது. பிறகு மறுபடியும் ஆட வரலாம்.

சண்டையில் கொஞ்சம் பௌதிகமும் இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்திருப்பீர்கள். நாம் தரையில் நின்று ஒருவரைக் குத்தினால், நம்மேல் வரும் எதிர்விசையைக் காலடியில் உள்ள உராய்வு தாங்கிக்கொள்ளும். ஐஸில் உராய்வு மிகக் குறைவு. குத்தியவரே பின்னால் வழுக்கிப் போய்விடுவார். அதனால் இவர்கள் ஒரு கையால் எதிராளியின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்துகிறார்கள்.

இந்திய வம்சாவளியினர் ஒருவருக்கும் இந்த அனுபவம் உண்டு. ராபின் பாவா, 1966-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர். 1986-87 பருவத்தில் காம்லூப்ஸ் நகர இளைஞர் அணிக்காக 57 கோல் போட்டார். 1989-இல் வாஷிங்டன் அணிக்காக இறங்கி, நேஷனல் ஹாக்கி லீகில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். ஆனால் பெரிய ஆட்டத்தில் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது மோதலும் முரட்டுத்தனமும்தான். நான்கு அணிகளில் சேர்த்து 61 ஆட்டங்கள், 6 கோல். பிறகு சிறிய லீகுகளில் ஆடிவந்தவரின் ஆட்டவாழ்வு, தலையில் பட்ட அடியோடு 1999-இல் முடிந்தது. ஐம்பத்தேழு கோல் போட்ட கைகளுக்கு இப்படியொரு வேலையைக் கொடுத்தார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இந்த உத்தியோகத்தின் முழு வாழ்க்கையையும் அறிய வேண்டுமானால் டெரக் பூகார்டின் கதையைக் கேளுங்கள். கனடாவின் சஸ்கட்டூனில் 1982-இல் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். பையன் வயதுக்கு மீறி வளர்ந்தான். பனியில் சறுக்குவதில் மற்றவர்களைவிட மந்தம். பதினைந்து வயதில் ஓர் ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி, எதிரணியினர் உட்கார்ந்திருந்த இடத்துக்குள்ளேயே பாய்ந்து எல்லோரையும் அடிக்கக் கிளம்பிவிட்டான். நம் பள்ளியாக இருந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அங்கே, ஆள் தேடி வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவன் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்கள்!

2005-இல் மின்னசோட்டா அணிக்காகப் பெரிய லீகில் இறங்கினார். உயரம் ஆறடி ஏழு அங்குலம். 2006-இல் டாட் ஃபெடருக் என்ற ஆட்டக்காரரின் கன்ன எலும்பை ஒரே குத்தில் நொறுக்கினார். மருத்துவர்கள் உலோகத் தகடு வைத்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. (அந்த ஃபெடருக்கே பின்னால் இவருடைய அணிக்கு வந்து சேர்ந்தார் என்பது வேடிக்கை.) ரசிகர்கள் இவர் பெயர் போட்ட சட்டையை வாங்கி அணிந்தார்கள். உங்கள் வயதுப் பையன்களுக்குச் சண்டை சொல்லித்தர இவரும் தம்பியும் ஒரு கோடை முகாம்கூட நடத்தினார்கள். 2010-இல் நியூயார்க் அணி நான்கு ஆண்டுகளுக்கு 65 லட்சம் டாலர் பேசி இவரை எடுத்துக்கொண்டது.

மொத்தம் 277 ஆட்டங்கள். போட்ட கோல்கள் மூன்றே மூன்று. தண்டனையாக வெளியே உட்கார்ந்த கணக்கு 589 நிமிடம். ஓர் ஆட்டம் 60 நிமிடம் என்பதால், ஏறக்குறைய பத்து முழு ஆட்டங்களின் நேரம்.

2010 டிசம்பரில் ஒரு சண்டையில் பட்ட அடிக்குப் பிறகு அவர் மீண்டும் ஆடவில்லை. 2011 மே மாதம், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்த விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தார் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆன் மெக்கீ அதை ஆராய்ந்தபோது, மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அந்த வயதுக்கு மிக முற்றிய நிலையில் இருந்தது. பாப் புரோபர்ட் போன்ற முன்னாள் அடியாள்களின் மூளையிலும் இதே நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. பூகார்டை அந்த நோயே கொன்றது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

இந்நோய் எப்படி வருகிறது? மூளை சுமார் 1400 கிராம் எடையுள்ள, கெட்டித் தயிர் போன்ற மென்மையான பொருள். மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. காவிரியில் தண்ணீர் மொண்ட குடத்தைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். குடம் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் உடனே திரும்பாது. தாடையில் குத்து விழுந்தால் தலை சடாரென்று திரும்புகிறது, மூளை பின்தங்குகிறது. அந்த இழுப்பில் நரம்பு இழைகள் நீட்சி அடைகின்றன. அவற்றுக்குள் ‘டௌ’ என்ற புரதம், பந்தல்கால்களைக் கட்டிய கயிறுபோல, நுண்குழல்களைப் பிடித்து நிற்கிறது. பல ஆண்டுகள் அடிபட்டவர்களின் மூளையில் இப்புரதம் கட்டு அவிழ்ந்து, சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டு கிடக்கக் காண்கிறார்கள். மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரலாம். இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் நோயை உறுதி செய்ய முடிகிறது.

ஹெல்மெட் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை அசைவதை முழுவதும் தடுக்காது. அதற்காகக் காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும் அண்ணனிடம் ஹெல்மெட் வீண் என்று சொல்லிவிடாதீர்கள்!

அடியாள் இல்லாவிட்டால் நட்சத்திர ஆட்டக்காரர்களை நொறுக்கிவிடுவார்கள் என்பது அந்த லீகில் வெகுகாலமாகச் சொல்லப்படும் நியாயம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஒலிம்பிக்கிலும் ஐஸ் ஹாக்கி உண்டு. அங்கே சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். நட்சத்திரங்கள் அங்கேயும் ஆடுகிறார்கள், ஆட்டமும் நன்றாகவே இருக்கிறது. காக்க வேண்டியது நடுவரும் விதியும். ஒரு மனிதனின் மூளை அல்ல.

கனடாவைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைத்தால் நியாயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் பள்ளி அணிகளின் கபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கப் பாய்ந்த பையனின் நெற்றி, எதிராளியின் முழங்காலில் மோதியது. சில விநாடி அசையாமல் கிடந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். “ஒண்ணுமில்லேடா, எழுந்திரு” என்றார் பயிற்சியாளர். கூட்டம் கைதட்டியது; நானும் தட்டினேன். அவன் மறுபடியும் இறங்கி ஆடினான். ஆட்டம் முடிந்து குழாயடியில் நின்றவன் என்னிடம், “சார், யார் ஜெயிச்சாங்க?” என்று கேட்டான். உங்கள் அணிதான் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான்.

வளரும் வயதில் முதல் அடியின் பாதிப்பு நீங்குவதற்குள் இன்னொரு அடி பட்டால், மூளை திடீரென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் நடக்கிறது.

ஆகவே நம் பள்ளித் திடல்களில் ஒரே ஒரு விதி வேண்டும் என்பது என் கட்சி. தலையில் அடிபட்டுத் தடுமாறியவர், ஒரு கணமேனும் நினைவிழந்தவர், கேட்டதையே திரும்பக் கேட்பவர் அன்று மீண்டும் ஆடக்கூடாது, இறுதிப் போட்டியானாலும் சரி. வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகே திடலுக்கு வரவேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் கலையாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடிபட்டவனுக்குத் தன் நிலை தெரியாது. பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான் அவன் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். பயிற்சியாளர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.