எத்தனை வாட்?

பள்ளிபாளையத்தில் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் பேசப் போனால், நாம் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" மாணவ நண்பர்களே, அந்தக் கேள்வி மட்டும் போதாது! ஒரு சான்று பாருங்கள்.

1957இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர், குவாட் என்ற பெயரில் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே, மின்னூட்டம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும். ஆகவே இது ஒருவகை மின்தேக்கி.

அதிர்வெண் இருமடங்கானால் மின்தேக்கியின் மின்மறுப்பு பாதியாகும். எனவே ஜால்ராவின் கூரிய ஒலிக்கு இது ஆம்ப்ளிஃபயரிடமிருந்து மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். ஈடுகொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபயர் 100 வாட் ஆனாலும் தடுமாறும். மின்னழுத்தம் அளவு மீறினாலோ, பொறி பறந்து படலமே ஓட்டையாகும்! வாக்கர் இதற்குத் துணையாகத் தந்தது 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான்.

இனி "எத்தனை வாட்?" என்பதற்கு முன், "எந்த ஒலிபெருக்கிக்கு?" என்று கேளுங்கள்.