இறங்காத ஊர்கள்

நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாவை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வாடகைக்கு அமர்த்திய பஸ் வண்டி. அதனுள்ளே ஒரே கல்லூரியின் மாணாக்கர். ஊரிலிருந்தே கட்டிச் சென்ற சோற்றுப் பொதி. வழிநெடுகச் சினிமாப் பாட்டு. நான்கு நாட்களில் எட்டு மாவட்டங்களைக் கண்டு மீண்ட பிள்ளைகளிடம், “வழியிற் புதிதாக யாருடன் பேசினீர்கள்?” என்று வினவினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். தம் ஊரைத் தம்முடனே ஏற்றிச் சென்று தம்முடனே இறக்கி வந்திருக்கின்றனர்.

இதற்கு மாறான பிரயாணத்தைக் கிழக்குக் கரையிலே காணலாம். வைகாசி முதற் புரட்டாதி வரையுள்ள மாதங்களில், முதுகிலே பெரும் பையைச் சுமந்த மேனாட்டு இளைஞர் பலர், மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் சாதாரண பஸ் வண்டிகளில் நம்மவரோடு நெருக்குண்டு செல்கின்றனர். அறுகம் குடாவின் அலைகளிலே சறுக்கி விளையாடுவது அவர்தம் நாட்டம். அவர்களுடைய உடையையும் ஒழுகலாற்றையும் குறைகூறுவோர் நம்மிற் பலர். அவ்வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நான் கண்டு வியந்தது வேறு. ஒரு நாட்டவன் மற்றொரு நாட்டவனைப் பஸ் நிலையத்திற் கண்ட மாத்திரத்தே, எங்கே தங்கலாம், எங்கே மலிவாக உண்ணலாம், எவ்வழி செல்லலாம் என்று சொல்லிக் கொடுக்கிறான். வண்டி கல்முனையை அடையுமுன்னர் இருவரும் நண்பராகி விடுகின்றனர்.

தமிழ் கற்றார்க்கு இது புதிய செய்தியன்று. பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வருந்துபவனை இடைவழியிற் சந்தித்து, தான் சென்ற வழியையும் பெற்ற உபசாரத்தையும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் பாதி இவ்வகையினதே. சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்துப் பரதவர் வழிச்செல்லும் பாணருக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் அளிப்பர் என்று காண்கிறோம். (தேறலை நம் மாணாக்கர்க்கு நான் பரிந்துரைக்கவில்லை, மீனாற் கேடில்லை.) இவற்றையெல்லாம் உரையோடு கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தும் மாணவன், பக்கத்து ஆசனத்தில் இருப்பவரிடம் “ஐயா எந்த ஊர்?” என்று கேட்க நாணுகிறான்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை 100 கிலோமீற்றருக்குச் சிறிது கூடிய தூரம். கல்லடியிலே 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அதற்கப்பால் இடப்புறம் கடல்; வலப்புறம் நெடுந்தூரம் வாவியும் வயலும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் இருநிற மணிகளைக் கோத்தாற்போலத் தொடர்ந்து வரும். இருசாரார்க்கும் மொழி தமிழ். தாய்வழியாகக் கணிக்கும் குடிமுறை இருசாரார்க்கும் உண்டு. மணமுடித்த மாப்பிள்ளை பெண்வீடு சென்று வாழும் வழக்கமும் அவ்வாறே. ஆயினும், ஒரே வண்டியில் தோளுரசிச் செல்லும் இவர்கள், அலுவலேதுமின்றி மற்றவர் ஊரில் இறங்குதல் அரிது. 1990ஆம் ஆண்டின் கொலைகளை இருசாராரும் மறந்திலர். 2004 மார்கழி 26இற் கடல் பொங்கியபோது அது மருதமுனை, பாண்டிருப்பு என்று பிரித்தறியவில்லை. அந்நாட்களில் ஒருவர்க்கொருவர் சோறும் உடையும் கொடுத்ததை அங்குள்ளோர் இன்றும் சொல்வர். வீடுகள் மீண்டும் எழுந்தன. பழைய எல்லைகளும் கூடவே எழுந்தன.

சென்ற ஆடி விடுமுறையில் நான் அவ்வழியே சென்றேன். அருகிருந்தவர் மருதமுனையில் தறி வைத்திருப்பவர். நெசவைப் பற்றி நான் இரண்டொரு கேள்வி கேட்டதும், “இறங்குங்க சேர், பிளேன் ரீ ஒண்டு குடிச்சிட்டு மறுகாப் போகலாம்” என்றார். அவ்வூர் வழக்குப்படி அவரைக் “காக்கா” என்று நான் அழைத்தபோது வாய்விட்டு நகைத்தார். அன்று மாலைவரை பாவும் ஊடையும் நாடாவும் இயங்குவதைக் கண்டிருந்தேன். “மறுகா” என்பதை “மறுகால்” என்பதன் சிதைவாகக் கொள்ளலாமெனத் தோன்றுகிறது. பிறிதொருகால் என்னும் பொருளை எவ்வளவு எளிதாகச் சுமந்து நிற்கிறது அச்சொல்! யாழ்ப்பாணத்து வகுப்பறையிலே திசைச்சொல்லை விளக்க நான் படும்பாடு எனக்கே தெரியும். அங்கே அது தேநீரோடு வந்தது.

விபுலானந்த அடிகள் 1892இற் பிறந்த காரைதீவும் இவ்வீதியிலேயே உள்ளது. யாழ்நூல் வெளிவந்த ஆண்டு 1947 என மனனஞ் செய்த மாணவரை ஏற்றிய சுற்றுலா வண்டிகள், அவ்வூரில் நில்லாது அறுகம் குடா நோக்கி விரைவதைக் கண்டிருக்கிறேன்.

முன்பின் அறியாதாரை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவதா என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று. பகற்பொழுதிற் செல்லட்டும், மூவர் நால்வராகச் செல்லட்டும், பெண்பிள்ளைகளோடு ஆசிரியை ஒருவர் கூடச் செல்லட்டும், போகும் ஊர்ப் பாடசாலைக்கு முன்னரே ஒரு கடிதம் எழுதப்படட்டும். நாற்பதுபேர் சென்றால் எந்த வீட்டாரும் கதவடைப்பர். மூவர்க்குப் பாய் விரிப்பதில் எவர்க்கும் இடரில்லை. இக்கரை வழியே கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் ஒருவரையொருவர் “சாமி” என்றே அழைப்பர். அவர்களுக்கு மோரும் சோறும் அளிக்கும் ஊர்கள் இன்றுமுள. விருந்தோம்பும் வழக்கம் அங்கே அற்றுப்போகவில்லை, விருந்தினர்தாம் குறைந்துவிட்டனர்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமளவும் உள்ள மாதங்கள் நம் பிள்ளைகளுக்கு வீணே கழிகின்றன. அப்போது செல்வோர் பொத்துவில் வரைக்கும் ஒரே ரிக்கற் எடுக்க வேண்டாம். முதலில் மருதமுனைக்கு எடுக்கட்டும், பின்னர் காரைதீவுக்கு. வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊர்களிற் கடைகள் பூட்டியிருக்கும். தொழுகை முடியும்வரை மரநிழலில் அமர்ந்திருந்தால், திரும்பி வருவோரில் எவரேனும் ஒருவர், “தம்பிமார் எந்த ஊர்?” என்று தாமே கேட்பார்.