டேட்டா வந்தது; துணை வந்ததா?

கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழகக் கல்லூரிகளுக்குப் பூட்டு விழுந்தது. பாடம் செல்போனுக்கு வந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று, சுமார் 9.69 லட்சம் மாணவர்களுக்கு அரசு கார்டு அறிவித்தது.

நல்ல காரியம்தான். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் டி.வி. சத்தம், வேலை போன அப்பா. நடுவில் பாடம் எப்படி மண்டையில் ஏறும்? வருகைப் பதிவில் பேர் இருக்கும், ஆள் இருக்காது!

வகுப்பில் என்றால் பக்கத்து பெஞ்சுக்காரன் இடித்து எழுப்புவான். வீட்டில் யார் இருக்கா? "என்னடா, கிளாசுக்கு வரலியா?" என்று போன் போட ஒரு சிநேகிதன் இருந்தவன் தாக்குப்பிடித்தான்.

இன்னொரு பூட்டு விழுந்தால் கார்டு மட்டும் போதாது. 10 மாணவருக்கு ஒரு வாத்தியார், வாரம் ஒரு போன் என்று கல்லூரிகள் இப்பவே ஏற்பாடு பண்ணணும்.