ஃப்ரீயா கூட்டிட்டுப் போறாங்க, அவங்களைக் கேள்வி கேட்கலாமா?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாப் படிங்க.

போன வாரம் ஓபியில் ஆவடிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். நாகலாபுரம் ட்ரெக்கில் பாறை வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிவு. மூணு மணி நேரம் ரெண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்திருக்காங்க. மட்டை வச்சுக் கட்ட ஒரு துணிகூட யார்கிட்டயும் இல்லை.

"யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"வாட்ஸப் குரூப் டாக்டர். வாலன்டியர்ஸ். காசு வாங்க மாட்டாங்க, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை.

நான் ட்ரெக்கிங்குக்கு எதிரி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு நாள் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை வேணும். பூந்தமல்லி ஹாஸ்டல் பொண்ணுக்கும் வேணும். பஸ் காசில் அதைச் சாத்தியமாக்கினது வாலன்டியர்கள்தான். 2008-ல் தொடங்கின சென்னை ட்ரெக்கிங் கிளப் அப்படித்தான் வளர்ந்தது. 2015 வெள்ளத்தில் இறங்கி வேலை செஞ்சவங்க அவங்க. கடற்கரையில் குப்பை பொறுக்கினாங்க. மரியாதை உண்டு.

ஆனா 2018 மார்ச் 11-ஐ மறந்துடாதீங்க. தேனி மாவட்டம், குரங்கணி. மகளிர் தினத்தையொட்டி அந்த கிளப் மூலமாப் போன குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. காய்ஞ்ச புல் சரிவில் காட்டுத்தீ. அந்தப் பாதைக்கு அனுமதியே இல்லைன்னு சொன்னது வனத்துறை. அப்புறம் ரேஞ்சர் ஒருத்தர் சஸ்பெண்ட்.

மறுநாள் செய்தியில் சாவு எண்ணிக்கை பத்தை ஒட்டித்தான் இருந்தது. கடைசியில் இருபதைத் தாண்டிச்சு. ஏன்னு கேட்டா, தீக்காயம் அப்படித்தான். முதல் நாள் நோயாளி தெளிவாப் பேசுவார், தண்ணி கேட்பார், வீட்டுக்கு போன் போடச் சொல்வார். உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தா முதலில் நீரிழப்பு, அடுத்து சிறுநீரகம், அதையும் தாண்டினா செப்சிஸ். வார்டில் அந்த நாட்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. தீ மேட்டில் ஏறும்போது வேகம் கூடும். சரிவு 10 டிகிரி கூடினா வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. நம்மால் ஓடி ஜெயிக்க முடியாது. மார்ச்சில் காய்ஞ்ச புல் மலைக்குப் போகலாமா வேண்டாமான்னு ஊரில் இருக்கும்போதே முடிவு எடுத்தாகணும்.

அப்போ ஒரு கூட்டம் "கொழுப்பெடுத்துப் போனாங்க"ன்னு எழுதுச்சு. இன்னொரு கூட்டம் "சேவை செய்றவங்களைக் குறை சொல்லாதே"ன்னு வாயை அடைச்சுது. செத்தவங்களுக்கு ரெண்டாலயும் பிரயோஜனம் இல்லை.

சேவைன்னா கேள்வி கேட்கக் கூடாதா? நியூசிலாந்தில் தரனாகின்னு 2518 மீட்டர் எரிமலை. அதன் சரிவில் மங்கனுயின்னு சின்னப் பனிச்சறுக்கு மைதானம். நடத்துறது ஸ்ட்ராட்ஃபோர்டு மவுன்டன் கிளப், பெரும்பாலும் வாலன்டியர்கள். கார் நிறுத்தின இடத்திலிருந்து ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி நடந்துதான் போகணும், பனிச்சரிவு அபாயம் இருக்கிற வழி. அபாயம்னா மூடிடுவாங்க. ஞாயிற்றுக்கிழமையா இருந்தாலும், எத்தனை பேர் வண்டி ஓட்டி வந்திருந்தாலும் மூடல்தான். சம்பளம் வாங்காதவங்கதான் அதையும் செய்றாங்க.

நம்ம ஊரில் அரசாங்கம் 2018-லேயே ட்ரெக்கிங் விதிகள் போட்டுச்சு. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு வந்துச்சு: 40 பாதை, ஆன்லைன் புக்கிங், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டி. நல்ல திட்டம். ஆனா ஆவடிக்காரருக்குப் பக்கத்து மலையான நாகலாபுரம் இருக்கிறது ஆந்திராவில். தடாவும் அங்கேதான். நம்ம போர்ட்டலில் அது வராது. அங்கே போறவங்களுக்கு மிச்சம் இருக்கிறது வாட்ஸப் அட்மின் மட்டும்.

அதனால அட்மினைக் கேளுங்க. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க. முதலுதவிப் பயிற்சி எடுத்தவர் யார், பேர் என்ன? கடைசி சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும்? குளத்தில் குதிக்கிறவங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? முக்கியமா, "இன்னைக்கு வேண்டாம்"னு கடைசியா எப்போ ட்ரிப்பை ரத்து பண்ணீங்க? ஒரு தடவைகூட இல்லைன்னு பதில் வந்தா, தயவுசெஞ்சு வீட்டில் இருங்க. கேட்டதுக்குக் குரூப்பை விட்டுத் தூக்கினா இன்னும் நல்லது.

கணுக்கால் தம்பிக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. இந்த இழையை அவர் குரூப்பில் போடச் சொல்லியிருக்கேன். "போட்டா கோவிச்சுப்பாங்க டாக்டர்" என்கிறார்.